இன்னும் ஒரு சுற்று

ஏழரை மணிக்கு அவன் கால் என் மேசைக்கு வந்துவிடும்.
அதன் பின்னால்தான் அவன் வருவான்,
கோப்பையில் பாதிக் காபியும்
சவரத்துக்குத் தப்பிய நரையுமாக.
நிபால்டோ கார்வஹால். வலது பின்காப்பு. நாற்பத்தொன்று.

கலாமா, பாலைவனத்தின் மொட்டைமாடி.
செம்புச் சுரங்கத் தூசி இங்கே எல்லாருக்கும் உறவு.
மழையை மறந்துபோன ஊர்.
ஆனாலும் மழை வரப்போகிறதென்று
மாதம் இரண்டு முறை சொல்லிவிடுகிறது அவன் முழங்கால்.

பதினொரு வருடமாய் இந்தக் கணுக்காலைக் கட்டுகிறேன்.
என் கணவன் முகத்தைவிட
இதன் மேடுபள்ளம் எனக்குத் துல்லியம்.
இது, ஓசோர்னோ சேற்றில் வாங்கிய தையல்.
இது ஒரு திருகாணி.
எடுக்க மறந்ததா, வேண்டாமென்று விட்டதா,
இருவருக்கும் நினைவில்லை.
இந்த வீக்கம் குடிவந்து நாளாயிற்று.
வாடகை கேட்பதை நிறுத்திவிட்டோம்.

"முழங்கால் ஆட்டம் கண்டுவிட்டது" என்றார் சாந்தியாகோ மருத்துவர்,
படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.
"இருபத்திரண்டு வருடமாய்
ஆட்டத்தைத்தானே கண்டது" என்றான் இவன்.
மருத்துவர் சிரிக்கவில்லை.
நான் காருக்குள் வந்து சிரித்தேன்.

ஒவ்வொரு டிசம்பரும் ஓர் உறை.
உள்ளே ஒரே ஒரு வருடம்,
போன வருடத்தைவிடக் கொஞ்சம் மலிவாக.
உள்ளூர் நாளிதழ் மூன்று முறை அவனுக்கு விடைகொடுத்துவிட்டது,
மூன்று முறையும் அதே படம், தலைநிறைய முடியோடு.
மூன்றாவது கட்டுரையை வெட்டி
இந்த அறைக் கதவில் ஒட்டியவன் அவனேதான்.

பெரிய ஆட்டக்காரன் என்று சொல்லமாட்டேன்.
தேசிய அணி ஒருமுறை கூப்பிட்டது, பெஞ்சு வரைக்கும்.
அடித்த கோல் ஏழு, அதில் இரண்டு சொந்த வலைக்குள்.
வேகம் போன வருடம் ஓர் இரவு உட்கார்ந்து
வீட்டுச் செலவைப் பார்ப்பதுபோல் கணக்குப் பார்த்தான்:
எந்த ஓட்டம் வீண்,
எந்தச் சறுக்கல் காலரிக்காக மட்டும்,
எந்த ஞாயிற்றுக்கிழமை பியர்.
ஒவ்வொன்றாய் வெட்டினான்.
கடைசியில் மிஞ்சியது
எங்கே நிற்பது என்பது மட்டும்.

போன சனிக்கிழமை
எதிரணியின் இடது ஓரத்தில் இஸ்மாயெல் அராஞ்சிபியா, பத்தொன்பது வயது.
இருபது வயதில் இவனுடைய அப்பாவை மறித்தவன் நிபால்டோ.
அதே ஓரக்கோடு. அதே தோள்சாய்வு.
பையன் முதல் பாதியில் இரண்டு முறை கடந்து போனான்,
தபால்பெட்டியைக் கடப்பதுபோல்.
இரண்டாவது முறை கோல்.
"தாத்தா, பென்ஷன் வாங்கப் போ!" என்றது ஒரு குரல்.
தெரிந்த குரல்தான். என் மச்சினன்.

எண்பத்தாறாவது நிமிடம் மறுபடி வந்தான் பையன்.
நிபால்டோ ஓடவில்லை.
பந்து வரப்போகும் இடத்துக்கு
நாலு எட்டு முன்கூட்டியே நடந்துபோய்
பேருந்துக்குக் காத்திருப்பவன்போல் நின்றான்.
பந்து அவன் கணைக்காலில் பட்டு வெளியே போனது.
வெறும் த்ரோ-இன். அதுவும் அவர்களுக்கு.
யாரும் கைதட்டவில்லை. தோற்றோம், ஒன்றுக்குப் பூஜ்யம்.
எல்லாரும் போன பிறகு
அவன் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தேன்.
புல்லில் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை பனிக்கட்டித் தொட்டியில் இடுப்பு வரை.
"வலி எவ்வளவு, பத்துக்கு?"
"ஆறு."
பதினொரு வருடமாய் ஆறுதான்.
ஆறாத ஆறு.
எட்டு என்று எனக்குத் தெரியும்.
ஆறு என்றே எழுதுகிறேன்.

இன்று செவ்வாய். உறை இன்னும் வரவில்லை.
மேசையில் ஏறிக் காலை நீட்டுகிறான்.
குதிகாலைப் பிடித்து, பட்டையை இழுத்து,
பாதத்தடியில் கொடுத்து வாங்கி,
கத்தரியை எடுக்கும்போது கேட்கிறான்:
"யஸ்னா, இன்னும் ஒரு சுற்று வருமா?"

சுருளைத் திருப்பிப் பார்க்கிறேன்.
உள் அட்டை தெரிகிறது.
நாளைக்கென்று வைத்திருந்ததைப்
பிரிக்கிறேன்.